எழுத்தாளருக்கு முன்பே புத்தகம் வரட்டும்

அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் சிறார் எழுத்தாளர்கள் போய்வருவது கடந்த சில ஆண்டுகளில் கூடியிருக்கிறது. வேப்பமரத்தடியில் ஐம்பது அறுபது பிள்ளைகள் அரைவட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் நின்று ஓர் எழுத்தாளர் கைகளை விரித்துக் கதை சொல்லும் படங்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. முந்தைய தலைமுறைக்கு இந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. ஆனால், அந்தப் படங்களில் நான் ஒன்றைத் தேடுவேன்: பிள்ளைகளின் கையில் புத்தகம் இருக்கிறதா? பெரும்பாலும் எழுத்தாளர் கையில் ஒன்று இருக்கும். தலைமையாசிரியருக்கு அவர் அன்பளிப்பாகக் கொடுத்தது ஒன்று மேசைமேல் இருக்கும். பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

எழுத்தாளர் பள்ளிக்கு வருவது நல்ல காரியம். அவர் வருவதற்கு ஒரு மாதம் முன்பே அவர் எழுதிய புத்தகம் வந்து சேர்ந்து, பிள்ளைகளின் கைபட்டு அழுக்காகி, ஒன்றிரண்டு பக்கம் கிழிந்தும் போயிருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. இந்த வரிசை மாறினால், வருகை ஒரு விழாவாக முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பகல் கிடைக்கும். வாசிப்புப் பழக்கம் கிடைக்காது.

டெல்டா மாவட்டம் ஒன்றில் ஒரு பள்ளியில் பார்த்ததைச் சொல்கிறேன். வந்திருந்த எழுத்தாளர் அருமையாகக் கதை சொன்னார். யானையாக நடந்தார், அணிலாகத் தாவினார், கிழவியாகக் குரலை மாற்றினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னொரு கதை சார், இன்னொண்ணே ஒண்ணு" என்று கெஞ்சினார்கள். அவர் கிளம்பும் நேரத்தில் கையெழுத்து வாங்க வரிசை கட்டினார்கள். முன்னால் நின்றவர்கள் நோட்டை நீட்டினார்கள். நோட்டை வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்த மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் உள்ளங்கையை நீட்டினான். அவனைப் பார்த்துப் பின்னால் நின்ற அத்தனை பேரும் நோட்டை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கையை நீட்டத் தொடங்கினார்கள். எழுத்தாளரும் முகம் கோணாமல் ஒவ்வொரு கையிலும் தன் பெயரை எழுதினார். அது முடியவும் மதிய உணவுக்கு மணி அடிக்கவும் சரியாக இருந்தது. எல்லோரும் குழாயடிக்குக் கை கழுவ ஓடினார்கள்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. எழுத்தாளர் தன் செலவில் பேருந்து ஏறி வந்தவர். ஏற்பாடு செய்த ஆசிரியை தன் சம்பளத்திலிருந்து காசு போட்டு அத்தனை பிள்ளைகளுக்கும் கேசரி செய்து வைத்திருந்தார். கையெழுத்துப் போட ஒரு புத்தகம் மட்டும் அந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளையிடமும் இல்லை.

தமிழில் குழந்தைகளுக்காக எழுதுகிறவர்களுக்கு நீண்ட மரபு உண்டு. இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே வாழ்நாள் முழுதும் குழந்தைகளுக்கு எழுதிய அழ. வள்ளியப்பா, 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். எழுதுகிறவர்கள் ஒன்றுகூடவும் புதியவர்கள் வளரவும் அது களமாக இருந்தது. 1947இல் 'அம்புலிமாமா', 1972இல் 'கோகுலம்' என்று இதழ்கள் வந்தன. அஞ்சல்காரருக்காகத் திண்ணையில் காத்திருந்த பிள்ளைகளுக்கு எழுத்தாளரை நேரில் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை. மாதா மாதம் அவர் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தார். அந்த இதழ்கள் இன்று கடைகளில் தொங்குவதில்லை. அரசுப் பள்ளியில் படிக்கும் குழந்தையின் வீட்டுக்குள் பாடநூல் தவிர வேறு அச்சுக் காகிதம் நுழைய இருந்த முக்கியமான வழி அடைபட்டுவிட்டது. எழுத்தாளரே பள்ளிக்கு நேரில் போக வேண்டிய அவசியத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

எழுத்துக்குப் பஞ்சமில்லை. கோவில்பட்டிக்காரரான உதயசங்கர் ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்தவர். கீழடியைக் களமாக வைத்து அவர் எழுதிய 'ஆதனின் பொம்மை' 2023இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', மு. முருகேஷின் 'அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை', யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்', விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' என்று அந்த விருதுப் பட்டியலே ஒரு சிறு நூலகம். விழியன் போன்றவர்கள் எழுதுவதோடு பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளோடு உட்காரவும் செய்கிறார்கள். பள்ளிக் கல்வித் துறையும் சும்மா இருக்கவில்லை. 4, 5ஆம் வகுப்புகளுக்கு 'ஊஞ்சல்', மேல் வகுப்புகளுக்குத் 'தேன்சிட்டு' என்று இதழ்களைத் தொடங்கியது. வாசிப்பு இயக்கத்துக்காக 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என்று நிலை பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகங்களை வெளியிட்டது. அந்த நான்கு பெயர்களை வைத்தவருக்குக் குழந்தைகளைத் தெரிந்திருக்கிறது.

ஆக, எழுத்தாளர் இருக்கிறார், புத்தகமும் இருக்கிறது, பள்ளியும் இருக்கிறது. மூன்றும் ஒரே நாளில் ஒரே அறையில் சந்திப்பதுதான் அரிதாக இருக்கிறது.

எழுத்தாளரின் வருகையால் அப்படி என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. குறிப்பாகத் தொடக்கப் பள்ளியில். எழுத்துக் கூட்டவே திணறும் பிள்ளைகளுக்கு எழுத்தாளர் எதற்கு என்பார்கள். நியாயமான கேள்வி. கிராமப்புறக் குழந்தைகளிடம் வீடு வீடாகப் போய் நடத்தப்படும் ஏசர் ஆய்வில், 2022இல் தமிழ்நாட்டின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நான்கில் ஒருவர்தான். 2018இல் அது 40 சதவீதமாக இருந்தது. கரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததன் விலை அது. 2024 ஆய்வில் கொஞ்சம் மீண்டிருக்கிறோம் என்றாலும், நிம்மதியாக இருக்கும் நிலை வரவில்லை. இந்த நிலையில் வாசிக்கத் தெரிந்த பிறகு எழுத்தாளரைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது புத்திசாலித்தனமான யோசனைபோலத் தெரியும். நான் நேர்மாறாக நினைக்கிறேன்.

நம் பிள்ளைகள் வாசிக்கத் தடுமாறுவதற்கு எழுத்து தெரியாதது மட்டுமே காரணமில்லை. வீட்டில் "அவங்க வந்தாங்க" என்று பேசும் குழந்தை, புத்தகத்தில் "அவர்கள் வந்தனர்" என்பதைச் சந்திக்கிறது. ஒவ்வொரு எழுத்தையும் சரியாகக் கூட்டி முடித்த பிறகும், கிடைத்த சொல் அதன் காதில் ஏற்கெனவே விழுந்ததாக இருப்பதில்லை. வசதியான வீட்டுக் குழந்தைக்கு இரவில் அப்பாவோ பாட்டியோ புத்தகத்தைப் பிடித்து வாசித்துக் காட்டி எழுத்துத் தமிழைக் காதில் ஏற்றிவிடுகிறார்கள். அப்பாவும் அம்மாவும் வேலை முடிந்து இருட்டிய பிறகு வீடு திரும்பும் குழந்தைக்கு அந்த ஓசை பள்ளியில்தான் கிடைக்க வேண்டும். எழுதியவரே தன் புத்தகத்தைக் கையில் பிடித்து, தான் எழுதிய வாக்கியத்தைத் தன் குரலில் ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கும்போது, அச்சில் இருப்பதும் ஒருவர் பேசியதுதான் என்று குழந்தைக்கு முதன்முறையாகப் புரிகிறது. அதே பக்கம் குழந்தையின் மடியிலும் திறந்திருந்தால், குரலை விரலால் தொடர்ந்துகொண்டே போகும். திருப்பூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் இந்தியும் ஒடியாவும் பேசும் வீடுகளிலிருந்து வந்து அமரும் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூடுதலாகத் தேவை.

எழுத்தாளர் புத்தகத்தைப் பையில் வைத்துவிட்டுக் கதை மட்டும் சொல்லிவிட்டுப் போவதை நான் இதனால்தான் முழுமையாகக் கருதுவதில்லை. கதை சொல்வது தனிக் கலை. நாடகம் அதைவிடப் பெரிய கலை. வேலு சரவணன் தன் 'ஆழி' குழுவோடு 'கடல் பூதம்' நாடகத்தைப் பள்ளிகளில் நடத்தும்போது பிள்ளைகள் அடையும் ஆனந்தத்துக்கு வேறு நியாயமே தேவையில்லை. எழுத்தாளரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது வேறு. புத்தகத்தைத் திறப்பது, அதில் இருப்பதை வாசிப்பது, பிள்ளைகள் வாசிக்கக் காது கொடுப்பது. "நல்லாப் படிக்கணும், அப்துல் கலாம் மாதிரி வரணும்" என்கிற அறிவுரை பத்து நிமிடத்துக்கு மேல் நீண்டால் பிள்ளைகள் புல் பிடுங்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த அறிவுரையைச் சொல்ல வட்டாரத்தில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

புத்தகம் முன்பே போய்ச் சேர்ந்த ஒரு பள்ளியையும் பார்த்திருக்கிறேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளி. உதவி ஆசிரியை, வரப்போகும் எழுத்தாளரின் கதைப் புத்தகத்தில் பத்துப் பிரதிகளை ஊர்க்காரர் ஒருவரின் உதவியோடு வாங்கிவிட்டார். தினமும் கடைசிப் பாடவேளையில் இரண்டு பக்கம் வாசித்துக் காட்டினார். மாலையில் முறைவைத்துப் பத்துப் பேர் பத்துப் பிரதிகளை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். திரும்பி வந்த பிரதிகளில் எண்ணெய் விரல்கள் பதிந்திருந்தன. ஒன்றின் அட்டை ஆட்டுக்குட்டி மென்று மூலை போயிருந்தது. ஆசிரியை அதற்கு யாரையும் திட்டவில்லை. செல்லோடேப் போட்டு ஒட்டி அடுத்த பிள்ளையிடம் கொடுத்தார்.

எழுத்தாளர் வந்த அன்று மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. வகுப்பறைத் தரையில் பாயை விரித்து அவரும் உட்கார்ந்தார். ஏதோ ஒரு புதுக் கதையைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார்போல. பிள்ளைகள் அதைச் சொல்லவே விடவில்லை. "அந்த நாய்க்குட்டி கடைசில எங்க போச்சுன்னு நீங்க எழுதவே இல்லையே சார், மறந்துட்டீங்களா?" என்று ஆரம்பித்தான் ஒருவன். "அது ஆத்தைத் தாண்டிருச்சுடா, படத்துல கால் தடம் இருக்கு பாரு" என்று இன்னொருவன் பக்கத்தைப் புரட்டிக் காட்டினான். எழுத்தாளரை விட்டுவிட்டு அவர்களுக்குள்ளேயே சண்டை. ஓவியர் வரைந்து வைத்திருந்த அந்தக் கால் தடத்தை எழுத்தாளர் அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

பிறகு நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தாள். "கதைல அப்பாவுக்குப் பேர் இருக்கு. வாத்தியாருக்குப் பேர் இருக்கு. நாய்க்குக்கூடப் பேர் இருக்கு. அம்மாவுக்கு மட்டும் ஏன் சார் பேர் இல்ல?" எழுத்தாளர் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். உண்மைதான். கதை முழுக்க அம்மா வெறும் அம்மாதான். "நீயே ஒரு பேர் சொல்லேன், அடுத்த பதிப்புல போட்டுரலாம்" என்றார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது நீங்கதான் வைக்கணும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு புத்தகத்தை இரண்டு மூன்று முறை வாசித்த ஒருவருக்கு மட்டுமே இந்தக் கேள்வி வரும். கதையைக் காதால் கேட்டுவிட்டுக் கைதட்டும் கூட்டத்திலிருந்து வராது. அன்று அந்த வகுப்பறையில் எழுத்தாளர் ஒருவர் இருந்தார். அவரைக் கேள்வி கேட்கும் தகுதி பெற்ற வாசகர்கள் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். பெரிய இலக்கியக் கூட்டங்களில்கூட இந்த விகிதம் அமைவதில்லை.

வாசகராக வந்து உட்காரும் குழந்தையிடம் கடினமான விஷயத்தையும் பேச முடியும். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' குழந்தைகள்மீதான பாலியல் சீண்டலைப் பற்றியது. விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு', கையில் கட்டப்படும் சாதிக் கயிற்றைப் பற்றியது. நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவர்மீது நடந்த சாதித் தாக்குதலுக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்றது. அரசாணை கயிற்றை அறுக்கும். ஏன் அறுக்க வேண்டும் என்று ஒன்பது வயதுப் பையனுக்குச் சொல்வதற்குக் கதைதான் வேண்டும். முன்கூட்டியே கதையை வாசித்திருந்தால், எழுதியவர் எதிரே வந்து உட்காரும்போது பையன் கேட்பான். சிறுமி சொல்லத் துணிவாள். ஒன்றை இங்கே மறக்கக் கூடாது. எழுத்தாளர் மாலை நான்கு மணிக்குப் பேருந்து ஏறிப் போய்விடுவார். குழந்தை மறுநாள் ஏதாவது சொல்ல வந்தால் கேட்க அங்கே இருக்கப்போவது ஆசிரியர்தான். ஆகவே இத்தகைய புத்தகத்தை ஆசிரியர் முதலில் வாசித்திருக்க வேண்டும். குழந்தை சொல்வதைக் கேட்டதும் யாரை அழைப்பது, 1098 என்ற உதவி எண்ணை எப்போது பயன்படுத்துவது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் சரி, புத்தகம் ஏன் முன்பே பிள்ளைகளின் கைக்குப் போவதில்லை? காசு இல்லாததைக் காரணமாகச் சொல்வோம். அது பாதி உண்மைதான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு நூலக மானியமாக ஆண்டுக்கு 5,000 ரூபாய் என்று வகுத்திருக்கிறார்கள். பிஎம் ஸ்ரீ பள்ளிகளுக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததைக் காட்டி ஒன்றிய அரசு 2024-25இல் இந்த ஒருங்கிணைந்த திட்டத்தின் நிதியை நிறுத்திவைத்தது. இப்படி நெருக்கடி வரும்போது பள்ளியில் முதலில் கைவிடப்படும் செலவு புத்தகம்தான் என்பதை எந்தத் தலைமையாசிரியரும் சொல்வார். ஆனால், ஏற்கெனவே வாங்கிய புத்தகங்கள் எங்கே இருக்கின்றன? பெரும்பாலான பள்ளிகளில் அவை தலைமையாசிரியர் அறையில், இரும்புப் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கின்றன.

பீரோவைப் பூட்டும் தலைமையாசிரியர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. புத்தகங்கள் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றன. தணிக்கைக்கு வருகிறவர் வரிசை எண்ணைச் சொல்லிப் புத்தகத்தைக் காட்டச் சொல்வார். இல்லையென்றால் காசு கட்ட வேண்டும். ஓய்வு பெறும் நேரத்தில் 'நிலுவை இல்லை' சான்றிதழ் இழுபறியாகும். ஆறு வயதுப் பிள்ளையிடம் புத்தகத்தைக் கொடுத்தால் கிழியும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் கொடுக்காமல் இருந்துவிடுகிறார். பதிவேடு பிழைக்கிறது. பத்து வருடம் கழித்துத் திறந்தால் புத்தகங்கள் புத்தம் புதிதாக, மையின் வாசனைகூடப் போகாமல் இருக்கின்றன. அவற்றை வாசித்திருக்க வேண்டிய பிள்ளைகள் கல்லூரிக்குப் போயிருப்பார்கள், அல்லது மில் வேலைக்கு.

இந்த மண்ணிலிருந்துதான் எஸ்.ஆர். ரங்கநாதன் புறப்பட்டார். சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை உலகுக்குத் தந்தார். அவற்றில் முதலாவது, புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது. பாதுகாத்து வைப்பதையே நூலகத்தின் வேலையாக நினைத்திருந்த மனநிலையை எதிர்த்துத்தான் அந்த விதியை அவர் முதலில் வைத்தார். அதே 1931இல், மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். மழையும் சேறும் மாட்டு வண்டியின் குலுக்கலும் புத்தகத்தைக் கெடுக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் அனுப்பினார்.

விதிகளிலும் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. ஒன்றிய அரசின் பொது நிதி விதிகள், 2017இல் நூலகங்களுக்கென்று ஒரு விதி இருக்கிறது. ஆண்டில் வழங்கப்படும் அல்லது பார்வையிடப்படும் ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து தொலைவது இயல்பு என்று அது ஒப்புக்கொள்கிறது. நேர்மைக் குறைவோ கவனக்குறைவோ இல்லாதவரை அதற்கு யாரையும் பொறுப்பாக்க வேண்டியதில்லை. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ளதோ அரிய நூலோ தொலைந்தால்தான் கட்டாய விசாரணை. இது பெரியவர்கள் புழங்கும் நூலகத்துக்கான கணக்கு. நம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியை இது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும், டெல்லியின் நிதித் துறைக்கே புரிந்த ஒரு விஷயத்தை, முப்பது ரூபாய்ப் படப் புத்தகம் விஷயத்தில் நாம் புரிந்துகொள்ளலாம். தொடக்கப் பள்ளியில் ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு கதைப் புத்தகம் கிழிந்தோ தொலைந்தோ போனால் அதைத் தலைமையாசிரியர் தாமே கழித்துக்கொள்ளலாம் என்று பள்ளிக் கல்வித் துறை ஒரு பக்கத்தில் சுற்றறிக்கை விட்டால் போதும். மாநிலம் முழுக்கப் பீரோக்கள் திறந்துகொள்ளும்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றையும் பார்க்கலாம். பிரிட்டனில் எழுத்தாளர் பள்ளிக்கு வருவது பல பள்ளிகளில் ஆண்டுத் திட்டத்திலேயே இடம்பெறும் விஷயம். சிறார் இலக்கியத்துக்கென்று 1999இல் அரசவைக் கவிஞர் பட்டத்துக்கு நிகரான ஒரு பதவியை உருவாக்கினார்கள்; முதலில் அதை ஏற்றவர் ஓவியர் குவென்டின் பிளேக். பின்னர் ஏற்ற மைக்கேல் மொர்பர்கோ, தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்து வகுப்பில் கதை சொல்லியே எழுத்தாளரானவர். உலகப் புத்தக நாளன்று ஒரு பவுண்டு மதிப்புள்ள சீட்டு கொடுத்துப் பிள்ளைகளையே புத்தகம் வாங்க வைக்கிறார்கள். இவ்வளவு இருந்தும், அங்குள்ள தேசிய எழுத்தறிவு அறக்கட்டளையின் 2024 கணக்கெடுப்பில், ஓய்வு நேரத்தில் வாசிப்பதை விரும்புவதாகச் சொன்ன 8 முதல் 18 வயதுப் பிள்ளைகள் 34.6 சதவீதம்தான். 2005இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுவரையில் அதுவே மிகக் குறைவு. எழுத்தாளர் வந்துபோன பள்ளிப் பிள்ளைகள் கூடுதலாக வாசிக்கிறார்கள் என்றும் அதே நிறுவனம் கண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். எழுத்தாளரை அழைக்கும் பள்ளி, ஏற்கெனவே புத்தகத்துக்கு நேரம் ஒதுக்கும் பள்ளியாக இருக்கும் வாய்ப்பு அதிகம். வருகையை மட்டும் தனியே பிய்த்து எடுத்து வந்து நட்டால் அது வேர் பிடிக்காது.

இதில் இன்னொரு விஷயம், அங்கே எழுத்தாளருக்குப் பணம் தருகிறார்கள். பள்ளிக்கு ஒரு நாள் ஒதுக்குவதும் எழுத்தாளரின் தொழில் என்று அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் சிறார் எழுத்தாளர் என்றாலே சேவை மனப்பான்மை உள்ளவர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அவருக்கும் அன்றைக்கு விடுப்பு போட வேண்டும், பேருந்துக் காசு வேண்டும். பொன்னாடை ஒன்றின் விலையில் நான்கு படப் புத்தகங்கள் வாங்கிவிடலாம். நினைவுப் பரிசின் விலையில் பத்து வாங்கலாம். எழுத்தாளருக்குப் பயணப் படியும் சிறு மதிப்பூதியமும், பிள்ளைகளுக்கு அவர் எழுதிய புத்தகமும் என்று மாற்றிக்கொண்டால், பொன்னாடை இல்லை என்று எந்த எழுத்தாளரும் வருத்தப்பட மாட்டார். என்னுடைய அனுபவத்தில், அவர்கள் வீட்டில் பொன்னாடை போதுமான அளவு இருக்கிறது.

காசுக்கு வழியில்லாத இடத்திலும் வழி கண்டுபிடித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். குஜராத்தின் கிஜுபாய் பதேகா 1930களின் தொடக்கத்தில் எழுதிய 'பகல் கனவு' தமிழிலும் கிடைக்கிறது. நான்காம் வகுப்பை ஓராண்டு நடத்திப் பார்க்கும் ஆசிரியரின் கதை. அவர் பாடத்தைத் தொடங்காமல் கதையைத் தொடங்குகிறார். பிறகு, ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாகப் பாடநூல் வாங்க இருந்த காசை ஒன்றாகச் சேர்த்து, விதவிதமான கதைப் புத்தகங்கள் வாங்கி வகுப்பிலேயே நூலகம் வைக்கிறார். இன்று நம் பிள்ளைகளுக்கு அரசு பாடநூலை இலவசமாகவே தருகிறது. ஜூன் மாதம் பாடநூலோடு ஒரு பிள்ளைக்கு ஒரு கதைப் புத்தகம், வகுப்பில் ஒருவருக்குக் கிடைத்தது இன்னொருவருக்குக் கிடைக்காதபடி மாற்றி மாற்றிக் கொடுத்தால், இருபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரே நாளில் இருபது புத்தகம் உள்ள நூலகம் உருவாகிவிடும்.

காலை உணவுத் திட்டத்தை 2023 ஆகஸ்டில் விரிவுபடுத்தியபோது 31,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளை அது எட்டியது. அத்தனை பள்ளிகளுக்கும் எழுத்தாளர் நேரில் போக முடியாது. அவ்வளவு எழுத்தாளர்கள் நம்மிடம் இல்லை. ஆனால் குறுவள மையம் என்று ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அக்கம் பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பயிற்சிக்காக அங்கே கூடுகிறார்கள். ஆசிரியர்கள் கூடும் அந்த அமைப்பை வைத்தே பள்ளிகளைத் தொகுத்து, ஆண்டுக்கு ஓர் எழுத்தாளரை முடிவு செய்து, அவருடைய இரண்டு புத்தகங்களை முதல் பருவத்திலேயே அத்தனை பள்ளிகளுக்கும் கொடுத்துவிடலாம். ஆசிரியர்கள் அந்தப் புத்தகத்தை எப்படி வாசித்துக் காட்டுவது என்று அங்கேயே ஒரு மணி நேரம் பயிற்சி எடுக்கலாம். இரண்டாம் பருவத்தில் எழுத்தாளர் வரட்டும். எல்லாப் பள்ளிப் பிள்ளைகளையும் ஒரே மைதானத்தில் குவிக்காமல், ஒரு வேளைக்கு ஒரு வகுப்பறை என்று அவரை உட்கார வைக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளுக்கு மேல் போனால் அது கூட்டமாகிவிடும். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏற்றுவதற்குப் படம் எடுக்க வேண்டும் என்றால், பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கும் படமாக எடுக்கச் சொல்லலாம்.

பொது நூலகத் துறையையும் இதில் சேர்த்தாக வேண்டும். 1948இல் நூலகச் சட்டம் போட்டு, வீட்டு வரியோடு நூலக வரி வசூலிக்கும் மாநிலம் இது. இன்று ஊர்ப்புற நூலகம் வரை கணக்கிட்டால் 4,600க்கும் மேற்பட்ட நூலகங்கள் நம்மிடம் இருக்கின்றன. பல ஊர்களில் தொடக்கப் பள்ளிக்கும் நூலகத்துக்கும் நடுவே ஒரு தெருதான் தூரம். எழுத்தாளர் வரும் நாளில் நூலகரும் உறுப்பினர் படிவங்களோடு வந்து உட்கார்ந்தால், கதை முடிந்து "இன்னொண்ணு" என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் அந்தத் தெருமுனையிலேயே கிடைத்துவிடும்.

குழந்தைகள் நாளான நவம்பர் 14இல்தான் தேசிய நூலக வாரமும் தொடங்குகிறது. எழுத்தாளர்களுக்கு அழைப்புகள் குவியும் காலம் அது; ஒரே வாரத்தில் நான்கு பள்ளிகளுக்கு ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும். இந்த ஆண்டு அவர்களை அழைக்க நினைக்கும் தலைமையாசிரியர்கள், எழுத்தாளரிடம் தேதி கேட்கும் அதே தொலைபேசி அழைப்பிலேயே, எந்தப் புத்தகத்தை எத்தனை பிரதி வாங்க வேண்டும், எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிடலாம். பத்துப் பிரதிக்கு வழியில்லையென்றால் மூன்று போதும். நான்கு பிள்ளைகள் ஒரு புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். எழுத்தாளர்களும் அழைப்பை ஏற்பதற்கு முன் இதையே நிபந்தனையாக வைக்கட்டும். அரசின் தரப்பில் வேண்டியது அந்த ஒரு பக்கச் சுற்றறிக்கை. அதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை, குழு அமைக்கத் தேவையில்லை. அக்டோபர் மாதத்துக்குள் அது பள்ளிகளுக்குப் போய்விட்டால், நவம்பரில் வரும் எழுத்தாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் நிறையக் காத்திருக்கும்.